455 இறாத்தல் பியானோவும் மாமாவின் ஆர்மோனியமும்

போர்முனைக்கு ஒரு பியானோ அனுப்புவதென்றால் முதலில் யோசிக்க வேண்டியது பாட்டை அல்ல, பசையை. ஆர்மோனியம் திருத்துகிறவன் என்ற முறையில் இதைச் சொல்லுகிறேன். மரத்தோடு மரம் ஒட்டிய எந்த வாத்தியத்தையும் மாரி காலத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். வச்சிரப் பசை இளகும், பலகை பிளந்து எழும்பும், கட்டைகள் ஊதி ஒன்றோடொன்று உரசும். அழுத்தின கட்டை அழுத்தினபடியே கிடக்கும். மழை விட்டதும் கறையான் வரும். எலிக்குத் துருத்தித் தோலில் ஒரு தனி ஆசை.

அமெரிக்கர்கள் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நியூயோர்க்கில் இருந்த ஸ்டெயின்வே கொம்பனி, ராணுவத்துக்கென்றே ஒரு சின்ன நிமிர்ந்த பியானோ செய்தது. அதற்குப் பெயர் 'விக்டரி வேர்ட்டிக்கல்'. இதைப் பற்றி வாசித்த நாளில் இருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஈரத்துக்கு விடாத பசை போட்டிருக்கிறார்கள். பூச்சியும் கறையானும் அரிக்காதபடி மரத்துக்கு மருந்து பூசியிருக்கிறார்கள். வழக்கமாகப் பியானோவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு கால்களும் இதில் இல்லை. லொறியில் ஏற்றி இறக்கும்போது முதலில் உடைகிறவை அவைதான். கட்டைகளுக்கு மேலே யானைத் தந்தத்துக்குப் பதிலாக செலுலோயிட். மந்தரக் கம்பிகளுக்குச் சுற்றுகிற செம்பு போருக்குத் தேவை என்பதால் இரும்பைச் சுற்றினார்கள். நாலு சிப்பாய்கள் பிடித்துத் தூக்கக் கைபிடிகள் வைத்தார்கள். நிறை 455 இறாத்தல், ஏறக்குறைய 206 கிலோ. பியானோ என்று பார்த்தால் அது மெலிந்த பிள்ளைதான். தரைப்படைக்கு ஜீப்பின் அதே பச்சை நிறத்தில் பூசி, சுதி கூட்டுகிற சாமான்களையும் எப்படிக் கூட்டுவது என்ற குறிப்பையும் கூடவே பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். சிலவற்றை விமானத்தில் இருந்து பரசூட்டில் இறக்கினதாகவும் சொல்லுவார்கள்.

சுதிச் சாமானைக் கூட அனுப்பிய அந்த மனிசன் யாரென்று தெரிந்தால் நான் போய்க் கையைப் பிடித்துக் குலுக்குவேன். வாத்தியத்தை அனுப்ப எல்லாருக்கும் தெரியும். அது மூன்றாம் மாதம் பிசகும் என்று யோசிக்கிறவர் குறைவு.

இத்தனைக்கும் 1942 இல் அமெரிக்க அரசு பியானோ செய்வதையே நிறுத்தச் சொல்லியிருந்தது. இரும்பு, செம்பு, பித்தளை எல்லாம் ஆயுதத்துக்கு. ஒரு பியானோவுக்குள் 200க்கு மேற்பட்ட கம்பிகள் இருக்கும். அவை எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுவையைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம் வேண்டும். அந்த இரும்பைக் கொடுக்க எந்த அரசுக்கும் மனம் வராது. ஸ்டெயின்வேயின் தச்சர்கள் அந்த நேரம் படையினரை ஏற்றிச் செல்லும் இயந்திரமில்லாத கிளைடர் விமானங்களுக்கு மரப் பகுதிகள் செய்துகொண்டிருந்தார்கள். அப்படி இருக்கும்போதுதான் ராணுவமே பியானோ கேட்டது. 2000க்கு மேல் செய்து அனுப்பினார்கள்.

1943 இல் வட ஆபிரிக்காவில் இருந்து ஒரு சிப்பாய் தன் தாய்க்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஒரு ஜீப் சின்ன வண்டில் ஒன்றை இழுத்துக்கொண்டு முகாமுக்கு வந்ததாம். வண்டிலில் லைற்றும் பியானோவும். சாப்பிட்ட பிறகு எல்லாரும் அதைச் சுற்றி நின்று பாடினார்களாம். தான் சிரித்தபடியே நித்திரை கொண்டதாகவும், கடிதம் எழுதும் நாளிலும் அந்தப் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறான். சண்டையைப் பற்றி எழுத ஆயிரம் இருந்திருக்கும். அவன் எழுதினது இதைத்தான்.

சரி, என் கேள்வி இதுதான். அந்த ராணுவத்திடம் றேடியோ இருந்தது. 1943 இல் இருந்து படையினருக்கென்றே 'வி-டிஸ்க்' என்று இசைத்தட்டுகளும் அடித்து அனுப்பினார்கள். 80 லட்சத்துக்கு மேல். அந்த நாட்டின் பெரிய பாடகர்களும் வாத்தியக்காரர்களும் அந்தத் தட்டுகளில் இருந்தார்கள். அப்படியிருக்க, 206 கிலோ மரத்தையும் இரும்பையும் கடல் கடந்து தூக்கிக்கொண்டு போவானேன்? அதுவும் முகாமில் அதை வாசிக்கிறவன் அநேகமாக அரைகுறை. ஊர்த் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை வாசித்த பெடியனாக இருப்பான்.

'வீட்டு ஞாபகம்', 'ஒற்றுமை' என்று பலரும் பல பதில் எழுதுவார்கள். எல்லாம் சரியாக இருக்கலாம். என் பதில் பெட்டிக்காரன் பதில். இசைத்தட்டு தன்னுடைய சுதியில் பாடும். நீங்கள்தான் அதற்கு ஏற வேண்டும். பெட்டிக்காரன் உங்களுடைய சுதிக்கு இறங்கி வருவான்.

எங்கள் பக்கத்தில் ஆர்மோனியத்தைப் 'பெட்டி' என்றுதான் சொல்லுவோம். என் தாய்மாமன் பெட்டிக்காரர். காத்தவராயன் கூத்துக்கும் இசை நாடகங்களுக்கும் வாசிப்பார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று நாடகக்காரர் நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று உச்சத்தில் பாடிப் பழகினவர்கள். அவர்களுக்கு வாசித்த கை, அடுத்த நாள் செத்தவீட்டில் ஒரு கிழவிக்கு ஒன்றரைக் கட்டையில் வாசிக்கும். சாதாரணப் பியானோவிலும் ஆர்மோனியத்திலும் இதற்கு விசேட வசதி ஒன்றும் கிடையாது. 'ஸ' எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதற்கேற்ப விரல்கள் எல்லாம் இடம் மாற வேண்டும். அதைப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுகிறவர்தான் பெட்டிக்காரர். ஒரே கட்டையில் மட்டும் வாசிக்கத் தெரிந்தவனை மாமா 'தட்டெழுத்துக்காரன்' என்பார்.

வன்னியில் எங்களுக்குப் பதிவுசெய்த பாட்டுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. பஞ்சம் பற்றறிக்கு. 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு வந்த பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து வரிசையில் பற்றறியும் சேர்ந்துவிட்டது. ஒரு றேடியோப் பற்றறி வைத்திருந்தவர் பணக்காரர். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து, கல்லால் மெல்லத் தட்டி இன்னும் கொஞ்சம் உயிரை வாங்குவோம். அப்புறம் சைக்கிள் வந்தது. ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தில் டைனமோவைச் சேர்த்து, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் கேட்பது. டைனமோவில் இருந்து வருவது ஏசி மின்சாரம். ஒரு டயோட்டும் கப்பாசிற்றரும் நடுவில் போடாவிட்டால் பாட்டுக்குள் ஓர் உறுமல் இருக்கும். அந்தக் காலத்தில் அப்படிப் பூட்டிக் கொடுத்துத்தான் என் கைச்செலவு ஓடியது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைக் குடைந்து டயோட் எடுப்போம்.

கசற் பிளேயரை அப்படிப் போட்டால் ஒரு வேடிக்கை. மிதிக்கிறவன் களைத்தால் மோட்டரின் ஓட்டம் குறையும், பாட்டின் சுதி இறங்கும். பெரிய சங்கீத வித்துவான் தொண்டையில் சளி கட்டின மாதிரிப் போவார். "மிதியடா, அவர் செத்துப்போறார்" என்று அம்மம்மா சத்தம் போடுவா. பதிவுசெய்த பாட்டு எங்களுக்காகச் சுதி இறங்கினது அந்த ஒரு வகையில்தான்.

1998 என்று நினைவு. ஜெயசிக்குறு நடவடிக்கை நடந்துகொண்டிருந்த காலம். ஏ9 வீதியைப் பிடிக்க வவுனியாவில் இருந்து 1997 மே மாதம் வெளிக்கிட்ட ஆமி, மாங்குளம் பக்கம் நெருக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் இருந்தோம். காயப்பட்ட பெடியளைப் பராமரிக்கிற ஒரு வீட்டுக்கு மாமாவைக் கூப்பிட்டார்கள். பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி நான் உருட்டிக்கொண்டு போனேன். மாமா பின்னால் ஒரு பழைய குடையோடு.

அங்கே பொறுப்பாக இருந்தவர் என்னென்ன பாட்டு என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். எல்லாம் அந்த நாளில் ஒலிபெருக்கியில் போகிற எழுச்சிப் பாடல்கள். மாமா வரிசையாக வாசித்தார். பெடியளும் கேட்டார்கள், சிலர் கை தட்டினார்கள். தட்டக் கை இல்லாதவர்களும் இருந்தார்கள். மரியாதையாக, ஒழுங்காக, பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா மாதிரி நடந்து முடிந்தது.

முடிந்த பிறகு சுவரோடு சாய்ந்து இருந்த ஒருவன், கண் இரண்டிலும் கட்டுப் போட்டிருந்தான், "ஐயா, காத்தான் கூத்து வாசிப்பியளோ?" என்று கேட்டான். தன் தகப்பன் ஊரில் காத்தவராயனுக்கு ஆடினவர் என்றான். மாமா பொறுப்பாளரைப் பார்த்தார். அவர் எழும்பி வெளியே போனார். கோபத்திலா, காணாத மாதிரி இருக்கவா என்று இன்றுவரை எனக்கு முடிவு இல்லை. இரண்டாவதுதான் என்று வைத்துக்கொள்ள விருப்பம்.

அவன் கேட்டது, காத்தான் கழுமரத்துக்குப் போகிற கட்டம். தகப்பன் பாடின சுதியிலேயே, மேலே எடுத்துத் தொடங்கினான். மாமா நாலு கட்டையில் பிடித்தார். இரண்டு அடி போகவில்லை, குரல் கிழிந்துவிட்டது. நெஞ்சிலும் காயம் இருந்திருக்க வேண்டும். அவன் நிறுத்துவதற்கு முன்பே மாமா துருத்தியை நிற்பாட்டாமல் அப்படியே சறுக்கி இரண்டு கட்டைக்கு வந்தார். அதற்கும் கஷ்டப்பட, ஒன்றரைக்கு. அவனுக்கு இறக்கினது தெரிந்ததோ இல்லையோ, பாட்டு நிற்கவில்லை. "இப்ப எடு தம்பி, அவசரமில்லை" என்று மட்டும் சொன்னார். சிந்து நடைக்கு வந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் பிற்பாட்டுச் சேர்த்தார்கள். கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே, அவர்களுக்கு எல்லா அடியும் தெரியும். ஒருவன் தன் ஊன்றுகோலைச் சீமெந்து நிலத்தில் தட்டித் தாளம் போட்டான். தாளம் தப்பத் தப்பச் சிரிப்பு. தாயைக் கூப்பிட்டு அழுகிற அந்தக் கட்டத்தில்தான் எல்லாரும் உரத்துப் பாடினார்கள். சோறு வந்து ஆறிப்போகும் மட்டும் விடவில்லை.

அந்த வட ஆபிரிக்கக் கடிதத்தை வாசித்தபோது எனக்கு இந்த வீடுதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் யாரோ ஒருவன் தன் ஊர்ப் பாட்டைக் கேட்டிருப்பான். அந்த அரைகுறைப் பியானோக்காரன் அவனுக்காகக் கட்டை மாற்றியிருப்பான்.

சோகப் பாட்டுக் கேட்டால் படை இளகிவிடும் என்ற பயம் எங்கள் பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் வேரா லின் என்ற பாடகி 1941 இல் பிபிசியில் படையினருக்காக ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். காதலியைப் பிரிந்திருக்கிற, வீட்டுக்கு ஏங்குகிற பாட்டுகள். இது சிப்பாய்களைக் கெடுக்கும் என்று அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் முறைப்பட்டார்கள். 1942 இல் பிபிசி ஒரு கட்டுப்பாடே கொண்டுவந்தது: மனதை உருக்குகிற பாட்டுகளும், சோகை பிடித்தவர் மாதிரிப் பாடுகிற ஆண் பாடகர்களும் வேண்டாம் என்று. மாமாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

ஆனால் படையினர் கேட்டது அதே அம்மாவைத்தான். 1944 இல் அவர் பர்மாப் போர்முனைக்குப் போனார், யப்பானியரோடு காட்டுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த 14 ஆவது படைக்குப் பாட. தங்களை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று அந்தப் படைக்கு ஒரு மனக்குறை. 'மறக்கப்பட்ட படை' என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்ளுவார்கள். அவரோடு ஒரு பியானோக்காரரும், லொறியில் ஒரு சின்னப் பியானோவும். பர்மா வெக்கையிலும் ஈரத்திலும் அந்தப் பியானோ பட்டிருக்கும் பாட்டை என்னால் யாரும் சொல்லாமலே கணக்குப் பார்க்க முடியும். படையினருக்குக் கலை நிகழ்ச்சி நடத்த பிரிட்டன் 1939 இல் 'என்சா' என்று ஓர் அமைப்பும் வைத்திருந்தது. பெரிய நட்சத்திரங்களும் போனார்கள், ஊர் மேடையில் விலைபோகாதவர்களும் போனார்கள். அதன் நாலு ஆங்கில எழுத்துகளுக்குச் சிப்பாய்கள் தாங்களாகவே விரிவு கண்டுபிடித்தார்கள்: 'இரவுதோறும் ஏதோ ஒரு கொடுமை'. கொடுமையாக இருந்தாலும் போய் இருந்து பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பர்மா என்றால் ஏதோ தூரத்துக் கதை மாதிரி இருக்கும். அந்தப் போரை நடத்திய தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944 இல் கண்டிக்கு, பேராதனைப் பூங்காவுக்கு வந்துவிட்டது. வவுனியா விமான ஓடுபாதையும் அந்தப் போருக்கு வெள்ளைக்காரர் போட்டதுதான். என் அம்மப்பா அந்த முகாமுக்கு வண்டிலில் விறகு ஏற்றினவர். இரவானால் உள்ளுக்குள் ஒருவன் 'பெரிய பெட்டி' அடிப்பான், மற்றவர்கள் கத்துவார்கள் என்று சொல்லுவார். "பாட்டு எண்டு சொல்லேலாது. ஆனா நிப்பாட்ட மாட்டாங்கள்." விறகு இறக்கி முடிந்த பிறகும் மாடுகளை அவிழ்க்காமல் நின்று கேட்டிருக்கிறார். காசு கொடுக்கிறவன் வருமட்டும் நின்றதாகத்தான் அவர் சாட்டு.

இசை படையைத் தூக்கி நிறுத்தும் என்று எழுதுகிறவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எதற்காக நிறுத்துகிறது? நாளைக்குத் திரும்பச் சண்டைக்குப் போக. பியானோவுக்கு இரும்பு ஒதுக்கினவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் ஊரிலும் பாட்டு அந்த வேலையைச் செய்தது. அதைவிட மேலாகவும் செய்தது. தெருவெளி நாடகங்கள் சந்திக்குச் சந்தி நடந்த காலத்தில், என்னோடு படித்த ஒருவன் நாடகம் முடிந்த கையோடு இயக்கக்காரரின் வாகனத்தில் ஏறிப் போய்விட்டான். பதினேழு வயது. அன்றைக்கு மேடைக்குப் பக்கத்தில் இருந்து பெட்டி வாசித்தது மாமா. நன்றாகத்தான் வாசித்தார், அதுதான் பிரச்சினை. அவனுடைய தாய் மாமாவை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தெருவெளிக்குக் கூப்பிட்டால் "நாரி நோ" என்று சொல்லி மாமா போவதில்லை. கூத்துக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும் அந்த நோ வராது.

மாமா காயப்பட்டவர்களின் வீட்டில் வாசித்ததையும் சந்தியில் வாசித்ததையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. கை ஒன்றுதான், பெட்டி ஒன்றுதான். ஒரு இடத்தில் பாடுகிறவன் கேட்டதை வாசித்தார். மற்ற இடத்தில் கேட்கிறவனுக்கு என்ன ஆக வேண்டும் என்று வேறு யாரோ முடிவுசெய்ததை வாசித்தார்.

பசியில் வாசித்தவர்களின் கதை ஒன்று. 1942 ஓகஸ்ட் 9 ஆம் திகதி, ஜேர்மன் படை முற்றுகையிட்டிருந்த சோவியத் நகரமான லெனின்கிராட்டில் ஷொஸ்தகோவிச் என்ற இசையமைப்பாளரின் ஏழாவது சிம்பொனியை வாசித்தார்கள். கார்ல் எலியாஸ்பெர்க் நடத்தினார். முதல் ஒத்திகைக்கு வந்தது 15 பேர் அளவில்தான். மற்றவர்கள் செத்துவிட்டார்கள், அல்லது எழும்பி நடக்க ஏலாமல் கிடந்தார்கள். ஊதுகிறவர்களுக்கு மூச்சு இல்லை. மேலதிகமாகக் கொஞ்சம் உணவு கொடுத்து, போர்முனையில் இருந்த வாத்தியக்காரச் சிப்பாய்களையும் கூப்பிட்டு ஆள் சேர்த்தார்கள். கச்சேரி நேரத்தில் எதிரி செல் அடிக்காதபடி முன்கூட்டியே சோவியத் பீரங்கிகள் ஜேர்மன் நிலைகளை அடித்து அடக்கின. பிறகு ஒலிபெருக்கி வைத்து அந்த இசையை ஜேர்மன் பக்கத்துக்கும் கேட்க விட்டார்கள். இதைப் படிக்கும்போது எல்லாரும் அந்த ஒலிபெருக்கியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த ஊதுகுழல்காரர்கள். துருத்தி ஓட்டையான பெட்டியை வாசித்துப் பார்த்தவனுக்குத் தெரியும், காற்றில்லாமல் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்பது என்ன வேலை என்று.

சமாதான காலத்தில் ஏ9 திறந்த பிறகு, 2002 இல், ரீட் மாற்றுவதற்காகப் பெட்டியை வவுனியாவுக்குக் கொண்டுபோனேன். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஆமி எல்லாப் பொதியையும் அவிழ்க்கச் சொன்ன காலம். பெட்டியைத் திறந்ததும் ஒரு இளம் சிப்பாய், மீசை சரியாக முளைக்காதவன், துவக்கைப் பின்னால் தள்ளிவிட்டுக் குந்தினான். துருத்தியை எங்கே இழுப்பது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பைலா மெட்டு ஒன்று, இரண்டு வரி. மூன்று ரீட் பிசகியிருந்ததால் நடுவில் பல் விழுந்த இடங்கள். அவன் அந்த இடங்களை வாயால் பாடி நிரப்பினான். வரிசையில் நின்ற எங்கள் சனம் சிரித்தது, அவனுடைய ஆட்களும் சிரித்தார்கள். மேலதிகாரி ஒருவர் அந்தப் பக்கமாக வர எழும்பிவிட்டான். பெட்டிக்குள் கைவிட்டுச் சோதிக்க அவன் மறந்தே போனான். அல்லது வேண்டாம் என்று விட்டான். அவனுடைய காவலரணில் றேடியோ இருந்தது, நான் பார்த்தேன், பாடிக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பெட்டி 2009 இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனுக்குப் பிறகு எங்களோடு வரவில்லை. மாமாவும் வரவில்லை. இதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

இப்போது என்னிடம் வருவது பெரும்பாலும் மின்சாரக் கீபோர்டுகள். தேவாலயங்களில் இருந்து, கோயில் பஜனைக் குழுக்களில் இருந்து, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பிவைத்த பிள்ளைகளிடம் இருந்து. எறும்பு கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டை இட்டிருக்கும். ஸ்டெயின்வேக்காரர் மரத்துக்குப் பூசின மருந்தை இவற்றின் சேர்க்கிற்றுக்கு ஒருவரும் பூசவில்லை. எல்லாவற்றிலும் 'டிரான்ஸ்போஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. விரல் மாற்றாமலே கட்டையை ஏற்றலாம், இறக்கலாம். மாமாவின் முப்பது வருசப் பயிற்சி இப்போது ஒரு பொத்தான். எனக்கு அதில் கவலை ஒன்றும் இல்லை, நல்ல பொத்தான்.

ஆனால் வாசிக்கிற பெடியள் அதைத் தொடுவதில்லை. போன மாதம் ஒரு நினைவு நிகழ்வில் வயதான அம்மா ஒருவர் மகனுக்காகப் பாட எழும்பினார். கீபோர்ட்காரத் தம்பி படத்தில் வந்த அதே சுருதியிலேயே நின்றான். அம்மா ஏற முயன்று, ஏலாமல், பாதியில் உட்கார்ந்துவிட்டார். நான் எழும்பிப் போய் அவன் காதுக்குள் சொன்னேன்: "தம்பி, மூன்று இறக்கு." "அண்ணை, ஒறிஜினல் சுருதி இதுதானே" என்றான். "அம்மாவின்ரை ஒறிஜினல் அது இல்லையடா" என்று நானே கை நீட்டி அமத்திவிட்டேன். அவர் திரும்ப எழும்பிப் பாடினார். தம்பிக்கு என்னில் கோபம். நிகழ்வு முடிந்து கதைக்கவும் இல்லை. கீபோர்ட் பழுதானால் அவன் என்னிடம்தான் வர வேண்டும், முறிகண்டியில் இருந்து முல்லைத்தீவு மட்டும் இந்த வேலைக்கு அதிகம் பேர் இல்லை. வரட்டும். திருத்துகூலியில் குறைத்து விடுகிறேன். அந்தப் பொத்தானில் இறுகியிருக்கும் தூசையும் கழுவிக் கொடுத்து, ஒன்றரைக் கட்டை என்றால் என்னவென்று அரை மணித்தியாலம் இருத்தி வைத்துக் காட்டித்தான் அனுப்புவேன்.